நிறம் பிடித்த கதை – பகுதி 9: விலையில் அடங்கிய வேலை

1912ஆம் ஆண்டு பெர்லினில் ருடால்ஃப் பிஷர் என்ற இரசாயன அறிஞர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். வெள்ளி உப்பைக் கருக்கும் டெவலப்பர், அந்தக் காரியத்தில் தானும் ஒரு மாறுதலை அடைந்து, பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருளோடு கூடி வர்ணச் சாயமாகிவிடும் என்பதே அது. அந்தப் பொருள்களாகிய கப்ளர்கள் தமக்கு விதிக்கப்பட்ட அடுக்கில் தங்காமல் அண்டை அடுக்குகளுக்கெல்லாம் ஊர்ந்து சென்றுவிட்டபடியால், அவருடைய யோசனை இருபது ஆண்டுகளுக்கு மேல் காகிதத்திலேயே கிடந்தது.

பியானோ வாசித்த லியோபோல்ட் மானஸும் வயலின் வாசித்த லியோபோல்ட் காடவ்ஸ்கியும் கப்ளர்களைப் பிலிமுக்குள் வைக்காமல், கழுவும் திராவகத்திலேயே கரைத்து வைத்து, 1935ல் கோடாக்ரோமை உலகுக்கு அளித்தார்கள். ஜெர்மனியில் வொல்ஃபன் நகரத்து அக்ஃபா தொழிற்சாலையிலோ, வில்மான்ஸும் ஷ்னைடரும் கப்ளரின் மூலக்கூறுக்கு ஒரு நீண்ட வாலைச் சேர்த்து, அது ஜெலட்டினை விட்டு அசையாதபடி செய்து, அடுத்த ஆண்டே அக்ஃபாகலரை வெளியிட்டார்கள். இவையெல்லாம் முந்தைய பகுதிகளில் நாம் கண்டவை.

இந்த வாரம் நெகட்டிவின் முறை. வர்ண நெகட்டிவ் எப்படிப் பிறந்தது என்பதைக் காட்டிலும், அதைக் கழுவும் உரிமை யார் கையில் இருந்தது, அது எவ்வாறு கை மாறியது என்பதே இப்பகுதியின் விஷயம்.

ஒரு பெட்டி, ஒரு விலை

வீட்டுக் காமிராவுக்கென்று, காகிதத்தில் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு விற்பனைக்கு வந்த முதல் வர்ண நெகட்டிவ், ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி 1942ல் கடைகளுக்கு அனுப்பிய கோடாகலர். அக்ஃபாவின் நீண்ட வாலை கோடக் பின்பற்றவில்லை. எண்ணெய் போன்ற ஒரு திரவத்தின் மிக நுண்ணிய துளிகளில் கப்ளரைக் கரைத்து, அத்துளிகளை ஜெலட்டின் முழுவதும் பரப்பிவைத்தது. துளிக்குள் அடைபட்ட கப்ளர் வெளியே வராது. டெவலப்பர் தேடிச் சென்று அதை அடையும்.

அந்தப் பிலிமில் சிவப்புச் சட்டை சயான் நிறமாகவும், புல்வெளி மஜந்தாவாகவும், வானம் மஞ்சளாகவும் பதியும். காகிதத்தில் மறுபடி ஒருமுறை புரட்டப்படும்போதுதான் உலகம் தன் சுய நிறத்துக்குத் திரும்பும். ஒரே நெகட்டிவிலிருந்து வேண்டிய அளவு பிரதிகள் எடுத்துத் தாத்தாவுக்கும் அத்தைக்கும் அனுப்பலாம் என்பது, திரையும் புரொஜெக்டரும் வேண்டி நின்ற ஸ்லைடுகளால் தர முடியாத வசதி.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பிலிமுக்குக் கடையில் கொடுத்த விலையிலேயே அதைக் கழுவும் கூலியும் முன்கூட்டியே சேர்ந்திருந்தது. படம் எடுத்து முடித்தவர் சுருளைக் கோடக் கம்பெனிக்கே அனுப்பியாக வேண்டும். வேறொருவரிடம் கொடுத்தால் ஏற்கெனவே கொடுத்த கூலி நஷ்டம். அதையும் பொருட்படுத்தாமல் வேறொருவரைத் தேடிப் புறப்பட்டாலும், கழுவும் முறை தெரிந்தவர் வெளியில் எவரும் இல்லை.

இந்த ஏற்பாடு புதிதாக முளைத்ததல்ல. 1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் முதல் கோடக் காமிராவை 25 டாலருக்கு விற்றபோது, அதற்குள் 100 படங்களுக்கான சுருளையும் பூட்டியே விற்றார். சுருள் முடிந்ததும் காமிராவையே ராச்செஸ்டர் நகரத்துக்கு அனுப்பினால், 10 டாலருக்குக் கழுவி, பிரதி எடுத்து, புதுச் சுருள் பூட்டித் திருப்பித் தருவார்கள். பொத்தானை அமுக்குவது வாங்கினவர் வேலை, மற்றதெல்லாம் கம்பெனியின் வேலை என்ற அந்தச் சித்தாந்தத்தின்மேல்தான் கோடக் என்னும் மாளிகையே எழும்பிற்று. கறுப்பு வெள்ளையில் அந்தப் பிடி தளர்ந்து, குளியலறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு டார்க் ரூம் ஆக்கிக்கொண்ட ஆர்வலர்கள் ஊர்தோறும் பெருகிவிட்ட காலத்தில், வர்ணம் வந்து பழைய பிடியை மீட்டுக்கொடுத்தது.

வர்ணப் பிலிமைக் கழுவுவது சாமானியர் கைக்கு அடங்காத காரியம் என்பது கம்பெனியின் வாதம். கோடாக்ரோமைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. கோடாகலரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெட்டிக்கு வெளியே

பாதி உண்மை என்று நான் சொல்வதற்குச் சாட்சி கம்பெனியின் சொந்தச் சரக்கிலேயே இருக்கிறது. 1946ல் கோடக் எக்டாக்ரோம் என்ற ஸ்லைடு பிலிமை வெளியிட்டு, அதை வாங்கினவர்களே கழுவிக்கொள்ள மருந்துகளையும் விற்றது. கப்ளர்கள் பிலிமுக்குள்ளேயே எண்ணெய்த் துளிகளில் இருந்தபடியால், கோடாக்ரோமுக்குத் தேவைப்பட்ட பிரம்மாண்டமான இயந்திரங்கள் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அதே தத்துவத்தில் செய்த கோடாகலரை மட்டும் ஏன் தரவில்லை? எக்டாக்ரோமைத் தொழில் புரிவோரும் பத்திரிகைக்காரரும் வாங்கினார்கள். கோடாகலரைக் குடும்பங்கள் வாங்கின. இலாபம் குடும்பங்களிடம் இருந்தது.

கடலுக்கு அப்பால் இன்னொரு பூட்டு வேறு விதமாக உடைந்துகொண்டிருந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் வொல்ஃபனை அடைந்தன. அந்தப் பிரதேசம் சோவியத்துக்கு உரியதென்று முன்பே முடிவாகியிருந்ததால் ஜூலையில் அதை ஒப்படைத்துவிட்டு விலகின. இடைப்பட்ட சில வாரங்களில் நேச நாடுகளின் நிபுணர்கள் தொழிற்சாலையின் ஏடுகளைப் புரட்டி, கப்ளர்களின் அமைப்பையும் திராவகங்களின் விகிதங்களையும் எழுதி எடுத்துக்கொண்டார்கள். யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியின் காப்புரிமைகளை நேச நாடுகள் மதிக்காதபடியால், அந்த அறிக்கைகள் அச்சாகி, வேண்டியவர் வாங்கிப் படிக்கும்படி ஆயிற்று. இத்தாலியில் ஃபெரானியாகலரும் பெல்ஜியத்தில் கேவாகலரும் இந்த வித்திலிருந்து கிளைத்தவையே.

1956ஆம் ஆண்டுப் பொங்கலுக்குச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வர்ணப் படம் என்று பெயர் பெற்றது, இந்தக் கேவாகலரில்தான். குகைக்குள் குவிந்திருந்த இரத்தினங்களைக் கண்டு கொட்டகையில் வாய்பிளந்த நம் ஜனங்களில், அந்தச் சாயங்களின் பூர்வீகம் வொல்ஃபன் என்று அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருக்கப்போகிறார்கள்!

ஆரஞ்சுத் திரை

நெகட்டிவ் வீட்டுக்குள் வருவதற்கு முன் அதன் முகத்தையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லியாக வேண்டும். வர்ண நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள் எல்லாரும், அது ஏன் ஒரேயடியாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பார்கள். அது அழுக்கும் அல்ல, கழுவினவரின் பிழையும் அல்ல. கோடக் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த வெஸ்லி ஹான்சன் என்பவர் வேண்டுமென்றே வைத்த நிறம்.

சாயங்கள் ஒருபோதும் உத்தமமானவை அல்ல. மஜந்தாச் சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்கக் கடமைப்பட்டது. ஆனால் அது நீல ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. சயான், சிவப்போடு நில்லாமல் பச்சையிலும் நீலத்திலும் கைவைக்கிறது. இந்தத் திருட்டு, சாயம் அதிகமாக உண்டான இடத்தில் அதிகமாகவும், குறைந்த இடத்தில் குறைவாகவும் நடப்பதால், பிரதி எடுக்கும்போது எந்த வடிகட்டியைப் போட்டாலும் ஒரே சீராகத் திருத்த முடியாமல், நிறங்கள் மங்கிச் சேறுபட்டுப் போயின.

ஹான்சன், திருட்டை நிறுத்துவதற்குப் பதிலாக அதை எங்கும் ஒரே அளவாக்கினார். மஜந்தாவாக மாறவேண்டிய கப்ளரை முதலிலேயே மஞ்சள் நிறமுள்ளதாகச் செய்தார். மஜந்தா உண்டாகும் இடத்தில் அந்த மஞ்சள் அழிந்துவிடும், உண்டாகாத இடத்தில் அப்படியே தங்கிவிடும். ஆகவே மஜந்தா விழுங்கும் நீலமும் மிச்சமுள்ள மஞ்சள் விழுங்கும் நீலமும் சேர்ந்து பிலிம் முழுவதும் சமமாகிவிடுகின்றன. ஒருபுறம் சாய்ந்த தராசின் மறு தட்டில் ஒரு கல்லை வைத்து நேராக்கிக்கொண்ட பிறகு சரக்கை நிறுப்பதுபோல. சயான் கப்ளருக்கும் இப்படியே ஒரு செந்நிறம் கொடுக்கப்பட்டது. மஞ்சளும் செந்நிறமும் சேர்ந்ததே நாம் காணும் ஆரஞ்சு. 1940களின் பிற்பகுதியில் எக்டாகலர் என்ற தகட்டுப் பிலிமில் இது முதலில் இடம் பெற்று, பிறகு கோடாகலருக்கும் வந்துசேர்ந்தது.

1954, டிசம்பர் 21

அந்தத் தேதியில் நடந்ததை விறுவிறுப்பான நியாயஸ்தலக் காட்சியாக வர்ணிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் அங்கே இல்லை. அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகா, வர்ணப் பிலிம் விற்பனையைக் கழுவும் வேலையோடு பிணைத்து, கோடக் கம்பெனி ஏகபோகம் செலுத்துகிறது என்று குற்றம் சாட்டிற்று. கம்பெனி வாதாடாமல் உடன்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குரிய மத்திய நியாயஸ்தலத்தில் சம்மதத் தீர்ப்பு ஒன்று பதிவாயிற்று. அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் வாங்கிய வர்ணப் பிலிமில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அப்போது கோடக்கினுடையது.

தீர்ப்பின் வாசகம் வறட்சியானது, விளைவோ மகத்தானது. பிலிமின் விலையில் கழுவும் கூலியைச் சேர்க்கக்கூடாது. கழுவுவதற்குரிய காப்புரிமைகளை, நியாயமான கட்டணத்துக்கு, கேட்பவர்க்கெல்லாம் தர வேண்டும். காப்புரிமைச் சாசனத்தில் எழுதப்படாத தொழில் நுணுக்கங்களையும் போட்டியாளருக்குக் கற்பிக்க வேண்டும். அதுவும் போதாதென்று, ஏழு ஆண்டுகளுக்குள் நாட்டில் கழுவப்படும் கோடக் வர்ணப் பிலிமில் தன் பங்கைப் பாதிக்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லையேல் மிஞ்சிய ஆலைகளை விற்றுவிட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இந்த நான்கில் மூன்றாவதையே நான் மற்றவற்றினும் மேலாக மதிக்கிறேன். விலையைப் பிரிக்கும்படி மட்டும் ஆணையிட்டிருந்தால், மறுநாளே கடைக்காரர் இரண்டு ரசீதாக எழுதியிருப்பார், நிலைமை மாறியிராது. இரசாயனத்தில் உரிமை என்பது செய்முறை தெரிந்திருப்பதுதான். எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எந்த உப்பு எத்தனை கிராம் என்ற விவரங்கள் இல்லாதவனுக்குச் சட்டம் அளித்த சுதந்திரம் வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

சமையலறையில் 24 டிகிரி

தீர்ப்பை அடுத்து, 1950களின் நடுவில் கோடாகலருக்கென்று ஸி-22 என்ற பெயரில் திருத்திய முறை ஒன்று வெளியாயிற்று. பெரிய ஆலைகளுக்கு மட்டுமன்றி, சிறு பொட்டலங்களாகவும் அதன் மருந்துகள் விற்கப்பட்டன. ஒரு குடும்பஸ்தர் அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, சமையலறைத் தொட்டியருகே நின்று, தம் மகளின் பிறந்தநாளை வர்ண நெகட்டிவாகக் கழுவிப் பார்க்கலாம் என்ற நிலை அன்றுதான் பிறந்தது.

கறுப்பு வெள்ளையில் பழகிய கைக்குப் பல காரியங்கள் பழக்கமானவையே. கும்மிருட்டில் சுருளைப் பிரித்து ரீலில் ஏற்றி, ஒளி புகாத டாங்கில் போட்டு மூடிவிட்டால், பிறகு விளக்கு வெளிச்சத்திலேயே மற்ற வேலையைச் செய்யலாம். டெவலப்பர் பதின்மூன்று, பதினான்கு நிமிஷம், அதை நிறுத்தும் அமிலம், ஜெலட்டினை இறுக்கும் மருந்து, பிறகு வெளுக்கும் திராவகம், அதன்பின் ஹைப்போ, நடுநடுவே தண்ணீர். எல்லாமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

புதியவரைத் திடுக்கிடச் செய்தது வெளுக்கும் கட்டம். டெவலப்பரில் கருத்த வெள்ளியும் அதோடு பிறந்த சாயமும் ஒரே இடத்தில் கலந்து நிற்கின்றன; வெளுக்கும் திராவகத்திலுள்ள ஃபெர்ரிசயனைடு அந்த வெள்ளியை மறுபடி உப்பாக்குகிறது, ஹைப்போ அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. நூறு ஆண்டுகளாகப் புகைப்படம் என்றாலே வெள்ளிதான். இங்கேயோ வெள்ளி தன் வேலையை முடித்துக்கொண்டு முழுவதும் வெளியேறி, சாயம் மட்டும் மிஞ்ச வேண்டும். கொஞ்சம் வெள்ளி தங்கினாலும் நிறங்கள் சாம்பல் பூத்து மங்கிவிடும்.

ஆனால் உண்மையான சோதனை வெப்பமானியில் இருந்தது. டெவலப்பர் 24 டிகிரி சென்டிகிரேடில் நிற்க வேண்டும்; அரை டிகிரி ஏறி இறங்கினாலும் நிறம் பிசகும். கறுப்பு வெள்ளையில் உஷ்ணம் தவறினால் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். வர்ணப் பிலிமிலோ மூன்று அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே நீல ஒளியை உணரும் அடுக்கு, நடுவே பச்சையை உணர்வது, அடியில் சிவப்பை உணர்வது. டெவலப்பர் மேலடுக்குகளை ஊடுருவித்தான் அடியடுக்கை எட்டும். உஷ்ணம் குறைந்தால் மூன்றும் ஒரே விகிதத்தில் பின்தங்குவதில்லை. ஆகவே நிழல்கள் ஒரு நிறத்தின் பக்கமும் வெளிச்சங்கள் அதற்கு எதிர் நிறத்தின் பக்கமும் சாய்ந்துவிடுகின்றன. ஒன்றைத் திருத்தப் போட்ட வடிகட்டி மற்றொன்றைக் கெடுக்கும். மணமகளின் முகத்தைச் சரிசெய்தால் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் பச்சை ஏறும்.

மருந்தின் ஆயுளும் ஒரு கவலை. கரைத்து வைத்த டெவலப்பர் காற்றுப் பட்டுச் சில வாரங்களில் கெட்டுவிடும். எனவே சுருள்களைச் சேர்த்துவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் ஒருமிக்கக் கழுவுவதே சிக்கனம். பாதி காலியான சீசாவில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுத் திராவகத்தைக் கழுத்து வரை உயர்த்தி, காற்றுக்கு இடமில்லாமல் செய்யும் தந்திரம் வீட்டு டார்க் ரூம்களில் நெடுங்காலம் வழங்கிற்று. பல வீடுகளில் அதற்காகக் குழந்தைகளின் கோலிகள் காணாமற்போயிருக்கும் என்பது என் ஊகம்.

இத்தனை இடர்களையும் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? கூலி மிச்சம் என்பது பெரிய காரணமல்ல; ஒன்றிரண்டு சுருள் கெட்டால் மிச்சப்பட்டதெல்லாம் போய்விடும். தபாலில் அனுப்பிவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தவனுக்கு, அன்று மாலையே ஈர நெகட்டிவை விளக்கருகே பிடித்துப் பார்க்கும் அவசரம் ஒன்று. தன் படத்தின்மேல் பிறர் கைபட வேண்டாம் என்ற பிடிவாதம் மற்றொன்று. இரண்டாவதே பலமானது என்று நினைக்கிறேன்.

ஆலைகளின் கைவண்ணம் எப்போதும் உயர்ந்தது என்று சொல்வதற்கும் இல்லை. 1942 முதல் 1953 வரை கம்பெனியின் ஆலைகளிலிருந்து வெளிவந்த கோடாகலர் காகிதப் பிரதிகள் அனேகமாக எல்லாமே இன்று மஞ்சள் படிந்து மங்கிக் கிடக்கின்றன. சாயமாக மாறாமல் காகிதத்தில் தங்கிவிட்ட மஜந்தா கப்ளரே காலப்போக்கில் மஞ்சள் கறையாகிவிட்டது. ஒரு தலைமுறைக் குடும்பங்களின் முதல் வர்ண நினைவுகள், நிபுணர்கள் கழுவியும் நிலைக்கவில்லை.

மூன்று நிமிஷம், பதினைந்து விநாடி

ஸி-22 பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. அதைக் கவிழ்த்தது ஒரு சிறிய காமிரா. 1972ல் கோடக் பாக்கெட் இன்ஸ்டமாடிக் என்ற, சட்டைப் பைக்குள் அடங்கும் காமிராவை வெளியிட்டது. அதன் நெகட்டிவ் 13 மில்லிமீட்டருக்கு 17 மில்லிமீட்டர்தான், விரல் நகத்தளவு. அதிலிருந்து பார்க்கத்தக்க பிரதி எடுக்க வேண்டுமானால் பிலிமின் மணிகள் மிக நுண்மையாக இருந்தாக வேண்டும். அதற்காகக் கோடாகலர் II என்ற புதுப் பிலிமும், அதைக் கழுவ ஸி-41 என்ற புது முறையும் உடன் வந்தன.

பழைய முறையில் பதின்மூன்று, பதினான்கு நிமிஷம் எடுத்த டெவலப்பர் இங்கே 3 நிமிஷம் 15 விநாடியில் வேலையை முடித்தது. உஷ்ணம் 24லிருந்து 37.8 டிகிரிக்கு ஏறிற்று. ஜெலட்டின் முன்னைக் காட்டிலும் உறுதியாகச் செய்யப்பட்டிருந்தபடியால், இறுக்கும் மருந்துக்கு இனித் தேவை இல்லை. கடைசித் திராவகத்தில் சேர்த்த ஃபார்மலின், மிஞ்சிய மஜந்தா கப்ளரை முடக்கிச் சாயத்தைக் காத்தது; பழைய மஞ்சள் கறையிலிருந்து கம்பெனி பாடம் கற்றிருந்தது.

சங்கிலியில் ஓடும் இயந்திரங்களுக்கு இந்த வேகம் வரப்பிரசாதம். வீட்டுத் தொட்டிக்கோ? பதினான்கு நிமிஷ வேலையில் அரை நிமிஷம் தவறினால் அது சிறு பங்கு. மூன்றேகால் நிமிஷத்தில் அதே அரை நிமிஷம் ஆறில் ஒன்றுக்கு அருகில். டாங்கில் ஊற்றுவதற்கும் வடிப்பதற்குமே அந்த நேரம் போய்விடும். உஷ்ணத்துக்குக் கம்பெனி அனுமதித்த தவறோ, மேலும் கீழும் 0.15 டிகிரி. சுற்றிலும் குளிர்ந்த அறையில், 38 டிகிரியை ஒட்டிய திராவகம் பாத்திரத்தில் ஊற்றிய கணத்திலிருந்தே ஆறத் தொடங்கிவிடும்.

நியாயஸ்தலத் தீர்ப்பு அப்போதும் அமலில்தான் இருந்தது. சூத்திரங்களை மறைக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. ஆயினும் சட்டம் செய்ய முடியாததை ஒரு கடிகாரமும் வெப்பமானியும் செய்துவிட்டன என்று அன்றைய வீட்டு டார்க் ரூம்காரர்களில் பலர் எண்ணியிருந்தால் வியப்பில்லை.

அந்த நெருக்கடியில் சிறு மருந்துக் கம்பெனிகள் ஒரு துணிச்சலான யோசனையோடு முன்வந்தன. வெளுக்கும் திராவகத்தையும் ஹைப்போவையும் ஒரே சீசாவில் கலந்து, டெவலப்பரோடு சேர்த்து இரண்டே திராவகங்களில் வேலையை முடித்துவிடலாம் என்பது அவர்களுடைய வாக்குறுதி. வெளுக்கும் இரும்பு உப்பு ஆக்ஸிஜனேற்றும் குணமுடையது. ஹைப்போவோ அந்தக் குணத்துக்கு எளிதில் இரையாகக்கூடியது. ஒன்றையொன்று தின்னக்கூடிய இவ்விரண்டும் ஒரே சீசாவில் எத்தனை நாள் ஒற்றுமையாக இருக்க முடியும்? அவை ஒன்றோடொன்று போராடும் வேளையில் பிலிமிலுள்ள வெள்ளியை யார் வெளியேற்றுவார்கள்?

(தொடரும்)